யாரும் அழுத்தாத N

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கட்டிச் சொல்கிற கதை அல்ல. எனக்கு நடந்தது. மனப்பிரமை, வேலைப் பளு, தூக்கக் குறைவு என்று காரணம் தயாராக வைத்திருப்பவர்கள் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளட்டும். அந்த மூன்றையும் ஏற்கெனவே மூன்று பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று பேரோடும் நான் இப்போது பேசுவதில்லை.

இன்னொன்று. பேய் என்றதும் நடுநிசி, மின்வெட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த அறையில் எட்டு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன, இருட்டு என்று பேருக்குக்கூட இல்லை. நானும் லேசில் அரண்டு போகிற ஆள் இல்லை.

என் தொழிலைச் சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் புரியும். ஆபீஸ் கணக்குகளுக்கென்றே அறுபது வருடத்துக்கு முன் உண்டான ஒரு கணினி மொழி இருக்கிறது. COBOL, நம் வாயில் கோபால் என்று பெயர். என் மாமியார் ரொம்ப நாள் அது ஒரு ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "லீவு நாள்லகூட அந்தக் கோபாலைப் போய்ப் பாக்கணுமா?" என்று என் கணவரிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

அந்த மொழியில் எழுதின புரோகிராம்கள் இன்றும் எத்தனையோ ஆபீஸ்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன, பீரோ அளவு பழைய மெஷின்களில். மெஷின் சாகும். உதிரி பாகம் கிடைக்காது. ஆனால் புரோகிராம் சாகாது. அதை அப்படியே எடுத்து, லினக்ஸ் ஓடுகிற ஒரு சின்னப் பெட்டிக்குள் குடியேற்றுவதுதான் என் வேலை. உடம்புதான் மாறும். உயிர் மாறாது. ஒரு வரிகூடத் திருத்த மாட்டேன் என்பது நான் எல்லா இடத்திலும் போடுகிற சபதம். தொழிலில் எனக்குப் 'பழைய இரும்பு' என்று பட்டப்பெயர். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்று நானே என்னைக் கிண்டல் செய்துகொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பழமொழியை நான் சொல்வதில்லை.

வேலை ஒரு பேருந்துக் கம்பெனியில். நாளைக்கு எந்த டிரைவர் எந்த வண்டியை எடுக்க வேண்டும் என்று தினமும் மத்தியானம் ஒரு புரோகிராம் ஓடிப் பட்டியல் போடும். என் தம்பி அங்கே டிரைவர். அவன் மூலமாகத்தான் எனக்கு அந்த வேலையே வந்தது. நாலு வருடமாக ஊருக்குள் ஓடும் வண்டிதான் அவனுக்கு. மலைப்பாதை வண்டி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து போயிருந்தான். ஒருவழியாகக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி வண்டி. புதுப் பெட்டி போடப்போகும் முதல் பட்டியலில் அவன் பெயர்.

"அக்கா, உன் பொட்டிதான் எனக்கு மொத மலை வண்டியைக் குடுக்கப் போகுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நாற்பத்திரண்டு பேர் உட்காரும் வண்டி.

அந்த புரோகிராமில் ஒரு பழக்கம் உண்டு. தொலைதூர வண்டிகள் வரும்போது மட்டும் அது தானாக முடிவெடுக்காது. டிரைவரின் நம்பரையும் வண்டியையும் திரையில் காட்டி, "சரியா? Y/N" என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். Y என்றால் வண்டி அவருக்கு. N என்றால் காத்திருப்பில் இருக்கும் அடுத்த டிரைவருக்கு. பதில் வரும்வரை ஓர் அங்குலம் நகராது. அந்தக் காலத்தில் பதில் சொல்லவென்றே, கன்சோல் என்கிற திரையும் கீபோர்டும் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்.

"அதெல்லாம் சும்மா சம்பிரதாயம் மேடம்" என்றார் மேலாளர். "எல்லாத்துக்கும் Yதான். புதுப் பெட்டிக்கு ஆள் போட முடியாது. தானாவே Y போற மாதிரி பண்ணிடுங்க."

அதற்கு லினக்ஸில் சுலபமான வழி இருக்கிறது. yes என்று ஒரு கட்டளை. அதன் பிறவிப் பயனே ஒன்றுதான். கேட்கிற கேள்விக்கெல்லாம் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும், நீங்கள் நிறுத்தும்வரை. சரியான தலையாட்டி பொம்மை. அதில் Yயைக் கொடுத்து, புரோகிராமின் வாயில் செருகிவிட்டேன். ஒரு வாரம் பழைய மெஷினும் என் பெட்டியும் ஒரே நாளின் விவரத்தை வைத்துத் தனித்தனியாக ஓடின. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி மாறவில்லை. பழைய மெஷினில் யார் உட்கார்ந்து Y அழுத்துகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் சாயந்திரம்தான் போவேன். பட்டியல் அச்சாகித் தயாராக இருக்கும்.

சனிக்கிழமை மாலை பழைய மெஷினை அணைத்தார்கள். கேபிள்களை வெட்டிச் சுருட்டி அதன் மேலேயே வைத்தார்கள். திங்கட்கிழமை பழைய சாமான்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனேன். வாட்ச்மேன் சாவி கொடுத்தார். ஆபீஸுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீள அறை. சுவரோரமாகச் செத்த மெஷின். மூலையில் கன்சோல். கறுத்த திரை, கனமான பழைய கீபோர்டு, சக்கரம் வைத்த நாற்காலி. நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் பையின் வார் அதன் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது, நான்தான் விடுவித்தேன்.

என் பெட்டி அறையின் இந்தக் கோடியில் ஒரு மேஜைமேல். சாப்பாட்டு டப்பா அளவு. அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, சத்தம் எழுப்ப ஸ்பீக்கரும் கிடையாது. மின்சாரத்துக்கு ஒரு ஒயர், அலுவலக நெட்வொர்க்குக்கு ஒன்று, என் லேப்டாப்புக்கு ஒன்று. அவ்வளவுதான்.

12:20க்கு ஓட விட்டேன்.

வழக்கமாக இமை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அன்று பாதியில் நின்றது. லேப்டாப் திரையில் ஒரு கேள்வி. மலை வண்டி, காலை ஐந்து மணி, என் தம்பியின் நம்பர். சரியா? Y/N.

நிற்கக் கூடாது. பதில்தான் கொட்டிக்கொண்டிருக்கிறதே.

அப்போது ஒரு மணிச் சத்தம். டிங்...

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஓர் ஆள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையைப் படிக்க ஆகிற நேரம். அப்புறம் கனமான ஒரு சத்தம். டொக். ஓட்டம் தொடர்ந்து முடிந்துவிட்டது.

பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் சரி. ஒரே ஒரு வரி தவிர. மலை வண்டி வேறொரு டிரைவருக்குப் போயிருந்தது. தம்பியின் நம்பருக்கு நேராக 'மறுக்கப்பட்டது' என்று இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. ஒரு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு, பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், அதுவும் என் தம்பியின் வரியில் வந்து காலை வாருகிறதா? திரும்ப ஓட விட்டேன். அதே இடத்தில் நின்றது. டிங். காத்திருப்பு. டொக். மறுக்கப்பட்டது.

சரி, உள்ளே போகும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்து பார்க்கலாம் என்று அதற்கு ஏற்பாடு செய்துவிட்டு மூன்றாவது முறை ஓட விட்டேன். பதிவைத் திறந்தேன். Y, Y, Y, Y என்று வரிசையாக வந்து, நடுவில் ஒரு N. அப்புறம் மறுபடி Y, Y, Y.

இதைப் படிக்கிறவர்களில் என் தொழில்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு இப்போதே முதுகு சில்லிட்டிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கட்டளைக்கு N என்று ஓர் எழுத்து இருப்பதே தெரியாது. அதைத் தனியாக ஓட விட்டுப் பார்த்தேன். திரை முழுக்க Y அருவி மாதிரி கொட்டியது. ஒரு N இல்லை. வெளியிலிருந்து யாரோ புகுந்து விளையாடுகிறார்கள் என்று நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினேன். இப்போது பெட்டிக்கும் உலகத்துக்கும் நடுவில் நான் ஒருத்திதான்.

நாலாவது ஓட்டம். நின்றது.

டிங்...

இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னாலிருந்து, மூலையிலிருந்து வந்தது.

டொக்.

எழுந்து போனேன். ஆமாம், போனேன். ஓடவில்லை. கன்சோலின் மின் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நேற்று வெட்டினது வெட்டினபடியே இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. கீபோர்டில் விரல் தடிமனுக்குத் தூசி. பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. இதையா தட்டுகிறார்கள்?

அப்புறம்தான் கவனித்தேன். மூன்று விசைகளில் மட்டும் தூசியே இல்லை. Y. N. என்டர். மூன்றும் தேய்ந்து பளபளத்தன.

நாற்காலி சுவரைப் பார்க்கவில்லை. கன்சோலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"யாரு?" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது, அதை மறைக்க மாட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் சத்தமாகக் கேட்டேன். "யாரா இருந்தாலும் சரி. இது என் பெட்டி. எனக்குச் சொல்லாம இதுல யாரும் கை வைக்கக் கூடாது."

ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

திரும்ப என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மணி 12:55. இரண்டு மணிக்குப் பட்டியல் தானாக டிப்போவுக்குப் போய்விடும். அதற்குள் தம்பியின் பெயரை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாலு வருடக் காத்திருப்பு, அதுவும் சொந்த அக்காவின் பெட்டியால், மண்ணாய்ப் போகும். என் சபதத்தை முதல் முறையாக முறிப்பது என்று முடிவெடுத்தேன். உடன்பிறந்தவனைவிடச் சபதம் பெரிதா?

கோபாலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரியின் ஏழாவது இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் அது செத்த வரி. எழுத்து அங்கேயே இருக்கும், ஆனால் மெஷின் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். கேள்வி கேட்கும் வரி, பதில் வாங்கும் வரி, மறுக்கும் வரி. மூன்றுக்கும் ஏழாவது இடத்தில் நட்சத்திரம் போட்டேன். சேமித்தேன். இனிமேல் கேள்வியே கிடையாது. யார் எங்கே உட்கார்ந்து எதைத் தட்டினாலும் எனக்கென்ன?

"இப்ப தட்டு பாப்போம்" என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

ஓட விட்டேன்.

நின்றது.

மலை வண்டி. காலை ஐந்து மணி. தம்பியின் நம்பர். சரியா? Y/N.

புரோகிராமைத் திறந்தேன். அந்த மூன்று வரிகளையும் தேடினேன். ஏழாவது இடம் காலியாக இருந்தது. மூன்றிலும்.

நான் கொன்ற வரிகள் உயிரோடு இருந்தன.

டிங்...

பின்னால் சக்கரம் உருண்டது.

கிர்ர்ர்... நின்றது.

திரும்பினேன்.

நாற்காலி இப்போது கன்சோலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தது.

அதன் இருக்கை நடுவில் குழிந்திருந்தது. கனமான ஆள் உட்கார்ந்தால் குழியுமே, அந்த மாதிரி.

என் கண் முன்னாலேயே அந்தக் குழி மெதுவாக நிரம்பியது...

பஞ்சு மேலே எழும்பியது.

யாரோ எழுந்து நின்றார்கள்.

கதவு அவர் பக்கம். நான் இந்தப் பக்கம்.

1:10.

உங்களில் பலர் கத்தியிருப்பீர்கள். கத்துவதில் தப்பே இல்லை. எனக்கும் தொண்டைவரை வந்தது. ஆனால் அதைவிட வேகமாக இன்னொன்று வந்தது. ஆத்திரம். இத்தனை வண்டி இருக்க, இத்தனை டிரைவர் இருக்க, என் தம்பியிடம் மட்டும் என்ன வம்பு?

"எந்தம்பி மேல உனக்கு என்ன கோவம்?" என்று கேட்டேன். "ஏன் அவன மறுக்கற? சொல்லு!"

ஒன்றும் இல்லை.

"ஏன்னு கேக்கறேன்ல?"

ஒன்றும் இல்லை.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. கன்சோலில் உட்கார்ந்த ஆளிடம் 'ஏன்' என்று அந்த புரோகிராம் ஒரு நாளும் கேட்டதில்லை. அங்கே இரண்டு பதில்தான் உண்டு. கேட்கிற மாதிரி கேட்டால்தான் பதில் வரும்.

லேப்டாப்பில் ஒரு காலித் திரையைத் திறந்தேன். அதில் துடிக்கும் கோட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவன் நல்ல டிரைவரா?"

டொக்.

திரையில் ஓர் எழுத்து விழுந்தது. Y.

என் கை மடியில்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

"அவனுக்கு உடம்பு சரியில்லையா?"

டொக். N.

இதற்குமேல் என்ன கேட்பது? டிரைவரை எதற்காக மறுப்பார்கள்?

"அவன்... தூங்கினானா?"

இந்த முறை காத்திருப்பு நீளமாக இருந்தது. ஏசி நின்றுவிட்ட மாதிரி இருந்தது. என் கழுத்துக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், வயதான ஒருவர் மூக்கு வழியாக மூச்சை விடும் சத்தம்...

டொக்.

N.

போனை எடுத்தேன். மூன்றாவது மணியில் தம்பி எடுத்தான்.

"என்னக்கா, பட்டியல் வந்துடுச்சா?"

"நேத்து ராத்திரி எங்க இருந்த?"

"வீட்லதான்."

"பொய் சொல்லாத."

"...யாரு சொன்னா?"

"எங்க இருந்தேன்னு கேட்டேன்."

அப்புறம் சொன்னான். அவன் கூட்டாளியின் மனைவிக்குப் பிரசவ நேரம். கூட்டாளிக்கு லீவு கிடைக்கவில்லை. வெள்ளி ராத்திரியும் சனி ராத்திரியும் கூட்டாளியின் நம்பரில் இவன் வண்டி ஓட்டியிருக்கிறான். கம்பெனிக்குத் தெரியாது. பதிவில் இவன் இரண்டு ராத்திரியும் ஓய்வில் இருந்ததாக இருக்கிறது.

"பகல்ல தூங்கினியா?"

"எங்க தூங்குறது? நேத்து ஆஸ்பத்திரி, இன்னிக்கு வீட்ல பசங்க. இப்பப் படுத்தா சரியாயிடும்கா. ரெண்டு மணி நேரம் போதும் எனக்கு."

"நாளைக்கு நீ மலை வண்டி எடுக்கல."

"அக்கா!"

"எடுக்கல."

"நாலு வருஷம் காத்திருந்தேன். என் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடுறியா? உன் கையாலயே?"

"ஆமா. என் கையாலதான்" என்று சொல்லிப் போனை வைத்தேன். என் கையால் இல்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி பழையபடி சுவரைப் பார்த்திருந்தது. பஞ்சில் குழி இல்லை. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. எட்டு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன.

தலையாட்டி பொம்மையைப் புரோகிராமின் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். நெட்வொர்க் ஒயரைத் திரும்ப மாட்டினேன். வேறு எதையும் செருகாமல், யாரிடமிருந்தும் பதில் வர வழியே இல்லாமல், வெறுமனே ஓட விட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் நின்றது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் டொக் கேட்டது. ஒரே ஒரு N. நான் கைகட்டி உட்கார்ந்து முழுப் பட்டியலும் முடியும்வரை பார்த்தேன். இரண்டு மணிக்கு அது டிப்போவுக்குப் போனது.

இரண்டே காலுக்கு மேலாளர் போன் செய்தார்.

"என்ன மேடம், மொத நாளே தப்பு? மலை வண்டிக்கு வேற ஆள் வந்திருக்கு."

"தப்பு இல்ல. சரியாத்தான் வந்திருக்கு."

"எல்லாத்துக்கும் Y போடச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? யாரக் கேட்டு?"

"கேக்கல."

"அந்த டிரைவருக்கு என்ன குறை? ரெக்கார்டுல ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கான்."

"ரெக்கார்டு தூங்கியிருக்கும் சார். அவன் தூங்கல."

"அவன் உங்க தம்பிதானே? சலுகையா?"

"சலுகைன்னா வண்டியக் குடுத்திருப்பேன். நான் பிடுங்கியிருக்கேன்."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கேள்வியை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கம்பெனி வாசலை நான் மறுபடி மிதிக்க முடியாது என்றார். மிதிக்காவிட்டால் என் செருப்புதான் தேயாமல் இருக்கும் என்றேன். அந்த புரோகிராமைத் தொட்டு வேலை செய்ய இந்த வட்டாரத்தில் இன்னோர் ஆளைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆறு மாதமாவது ஆகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "கேள்வி இருக்கும் சார். நான் எடுக்க மாட்டேன். உங்களையும் எடுக்க விட மாட்டேன்" என்றேன். போனை வைத்தது அவர்தான்.

சாயந்திரம் தம்பி வீட்டுக்குப் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். கதவைத் திறந்த அவன் மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

"மத்தியானம் உங்ககூடப் பேசிட்டு அப்படியே சாஞ்சவரு அண்ணி. எழுப்பி எழுப்பிப் பாக்கறேன், எந்திரிக்கவே மாட்டேங்கறாரு."

சோபாவில் கிடந்தான். ஒரு காலில் ஷூ, இன்னொரு கால் வெறும் கால். பிள்ளைகள் அவன் வயிற்றின் மேல் ஏறிக் குதித்தார்கள். அசையவில்லை. மூச்சு சீராக இருந்தது. வெறும் தூக்கம். பக்கத்தில் அலாரம், விடியற்காலை மூன்றரைக்கு வைத்தது. நான் அதை அணைத்தேன். அவன் திங்கட்கிழமை மத்தியானம்தான் கண் விழித்தான்.

மலை வண்டிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு டிரைவர் ஓட்டிக்கொண்டு போனார், திரும்பி வந்தார். நாற்பத்திரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்றும் ஆகாததால்தான் யாரும் என்னை நம்பவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் நம்பியிருப்பார்களோ? அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு வேண்டாம்.

திங்கட்கிழமை காலை போனேன். வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் முக்கியமாகப் போனேன். பட்டியல்களைக் கவனிக்கும் கிளார்க் இருந்தார். நல்ல மனுஷர். நேராகவே கேட்டேன்.

"பழைய கன்சோல்ல உக்காந்திருந்தவர் இப்ப எங்க?"

"அவரா? போய்ச் சேந்து மூணு வருஷமாச்சே."

"எப்படி?"

"ஒரு நாள் லீவு போட்டு மக வீட்டுக்குக் கெளம்பினாரு. நம்ம மலை வண்டிலதான்." மேஜையில் இருந்த பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தார். "அன்னிக்கு அவருக்குப் பதிலா உக்காந்தவன் எல்லாத்துக்கும் Y போட்டுட்டான். தூங்காத டிரைவருக்கும்."

"அதுக்கப்புறம் யாரு அழுத்தினா? இந்த மூணு வருஷமா?"

"ஆள் போடல. வாட்ச்மேனை அழுத்தச் சொல்லியிருக்கறதா மேலாளர் சொன்னாரு."

கிளார்க்கும் நானும் வாட்ச்மேனிடம் போனோம். "நானா? அந்த ரூமுக்குள்ளயே நான் போறதில்லம்மா. கிளார்க் சார்தான் வந்து அழுத்துறாருன்னு நெனச்சேன்" என்றார். கிளார்க் என்னைப் பார்த்தார். நான் கிளார்க்கைப் பார்த்தேன். கேள்விக்குப் பதில் வராமல் அந்தப் புரோகிராம் ஓர் அங்குலம் நகராது. மூன்று வருடம், ஒரு நாள் தவறாமல் பட்டியல் வந்திருக்கிறது.

"அப்பப்ப ஒண்ணு ரெண்டு பேர மறுக்கும்" என்றார் கிளார்க், மெதுவாக. "மெஷினுக்கே ஏதோ தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டோம்."

அதற்குள் பழைய சாமான்காரர்கள் வந்துவிட்டார்கள். மெஷினைத் தூக்கினார்கள், கன்சோலைத் தூக்கினார்கள். ஒருவர் நாற்காலியில் கை வைத்தார். "அது வராது" என்று நான் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பட்டியலில் இருக்கிறது என்றார் அவர். இருக்கட்டும் என்றேன்.

வாசலில் துடைப்பத்தோடு அறையைச் சுத்தம் செய்யும் அம்மா நின்றிருந்தார். நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் வந்து கவலையாகக் கேட்டார்.

"நல்லவேளை, நாற்காலிய விட்டுட்டாங்க. அதையும் தூக்கிட்டா அவரு எங்க உக்காருவாரு?"

"எவரும்மா?"

"அதான், இங்க மத்தியானம் உக்காந்திருப்பாரே, கண்ணாடி போட்ட பெரியவரு. பேச மாட்டாரு. ஆனா தங்கமான மனுஷன். நான் தரை தொடைக்கறப்ப ரெண்டு காலையும் தூக்கிக்குவாரு."

அந்த அம்மா வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது.

வேலையை நான் விடவில்லை. இப்போதும் மத்தியானத்தில் அந்தப் பெட்டி ஓடுகிறது, கேட்கிறது, காத்திருக்கிறது. வாயில் எதையும் நான் செருகவில்லை. பதில் வந்துகொண்டிருக்கிறது. தம்பி போன மாதம் மலை வண்டி எடுத்தான், அன்று Y விழுந்ததை நானே பார்த்தேன். ஆள் இல்லாத அறைக்கு நாற்காலி எதற்கு, அதை அப்புறப்படுத்தலாமா என்று மேலாளர் இரண்டு முறை மெயில் அனுப்பிவிட்டார். இரண்டு முறையும் ஒரே ஓர் எழுத்தைத்தான் பதிலாக அனுப்பினேன்.